ஆடிக் கிருத்திகையில் நின்றுபோன மெயில் சர்வர்

அந்தக் கம்பெனியில் தினமும் காலை பதினொரு மணி வாக்கில் மெயில் நின்றுபோகும். ஒரு மணிக்கெல்லாம் தானாகவே சரியாகிவிடும். அவர்கள் எனக்குப் போன் செய்து, நான் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு அரக்கோணத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தணி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் இப்படியே போனது.

சிறிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தக் கம்பெனிக்கு நான் புதிது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிகளில் நெய்த துணியை வாங்கி, சாயம் ஏற்றி, மேசை விரிப்பும் கைத்துண்டுமாகத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். வெளிநாட்டுக்காரர்களோடு பேச்செல்லாம் மெயிலில்தான். அந்த மெயில் அத்தனையும் ஒரே ஒரு பழைய சர்வர் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ரிசப்ஷனுக்குப் பின்னால், முன்பு ஸ்டேஷனரி வைத்திருந்த ஒரு சின்ன அறையில், தனி ஏசி போட்டு அதை வைத்திருந்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டதா, வைரஸ் தேடும் மென்பொருள் அந்த நேரத்தில் ஓடுகிறதா, யாராவது பெரிய பெரிய படங்களாக அனுப்புகிறார்களா என்று. ஒன்றும் பிடிபடவில்லை. டிஸ்க் ஒன்று சில நேரம் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறது என்று மட்டும் சர்வர் எழுதி வைத்திருந்தது. ஏன் பதில் சொல்லவில்லை என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

நாலாவது வாரம் ஒருநாள் மதியம், களைத்துப்போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். வெளியே டெலிபோன் ஆபரேட்டரின் மேசை. அவருக்குக் கண் தெரியாது. முப்பத்தைந்து வயது இருக்கும், ஏறக்குறைய என் வயதுதான். கம்பெனியில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. ஒரு காதில் டெலிபோன், இன்னொரு காதில் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் குரல். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொருவருக்கு லைன் கொடுத்துக்கொண்டிருப்பார்.

“இன்னிக்கும் கண்டுபிடிக்கலயா சார்?” என்றார்.

“இல்லைங்க மேடம். நான் வந்தாலே அது நல்லா ஓடுது.”

“நீங்க வர்றப்ப ஏசி ஓடிகினு கீது. அதான்.”

நான் நின்றேன். அவர் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். அந்தச் சுவருக்கு அப்பால்தான் சர்வர்.

“பத்தரைக்கு கரன்ட்டு போவும். ஜெனரேட்டர் போடுவாங்க. ஜெனரேட்டர்ல அந்த ரூம் ஏசி ஓடாது. ஏசி நின்னு அரை மணி நேரத்துல உள்ள ஒண்ணு தேய்க்கிற மாதிரி சத்தம் போடும். கர்ருனு, விட்டு விட்டு. அது ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் எனக்கு போன் பண்ணி மெயில் வரலன்னு சொல்வாங்க. கரன்ட்டு வந்து ஏசி ஓடி ரூம் ஆறினா சத்தம் நின்னுடும்.”

“இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னேனே. ஏசி மெக்கானிக் வந்தப்ப சொன்னேன். அவர் ஏசிய பார்த்துட்டு நல்லாதான் கீதுன்னு போயிட்டார்.”

மறுநாள் காலை பத்து மணிக்கே போய் அந்த அறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பத்தரைக்கு மின்சாரம் போனது. ஏசி நின்றது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பெட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மின்விசிறிகளின் இரைச்சலுக்குள் காதை வைத்துத் தேடினால்தான் கேட்கும். பெட்டிக்கு ஒரு அடி தூரத்தில் இருந்த எனக்கே அப்படி. ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சு ஓடிக்கொண்டிருக்க, அவர் அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏசியை அன்றைக்கே ஜெனரேட்டர் லைனில் சேர்த்தோம். மெயில் நிற்பது நின்றது. ஆனால் திறந்து பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. நாலு டிஸ்க்குகள் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு அது. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சமாளிக்கும், இரண்டு செத்தால் எல்லாம் போகும். ஒன்று எப்போதோ செத்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சத்தம் போட்டது இரண்டாவது.

மேனேஜரிடம் சொன்னேன். இனி சொந்த சர்வர் வேண்டாம், எல்லா மெயில்களையும் இன்டர்நெட்டில் வாடகைக்குக் கிடைக்கும் சேவைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. ஆடிக் கிருத்திகைக்குக் கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளில் முடித்துத் தர வேண்டும்.

புதிய சேவையில் ஆளுக்கு ஒரு கணக்கு என்பதால், பழைய சர்வரில் இருந்த மெயில் பெட்டிகளில் எவையெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டேன். வேலையை விட்டுப்போனவர்களின் பெட்டிகள், எதற்கென்றே தெரியாத பெட்டிகள் என்று பலவற்றை அடித்தேன். ‘ஃப்ரன்ட் டெஸ்க்’ என்ற பெயரில் ஒரு பெட்டி இருந்தது. மேனேஜரின் அறைக்குப் போய்க் கேட்டேன். “ரிசப்ஷனுக்கு மெயில் இன்னாத்துக்கு சார்? அடிச்சிடுங்க,” என்றார். அடித்துவிட்டேன். சர்வருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்வரின் நோயைச் சொன்னவரே அவர்தான். அதற்கப்புறமும் எனக்குத் தோன்றவில்லை.

கிருத்திகை அன்று காலை ஊருக்குள் வண்டி விடவில்லை. பைபாஸிலேயே பைக்கை நிறுத்திவிட்டு நடந்தேன். சித்தூர்ப் பக்கமிருந்தும் நகரிப் பக்கமிருந்தும் வந்த கூட்டம் சாலை முழுக்க. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, தோளில் பூக்காவடி. பம்பை உடுக்கைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எதிர்த்திசையில் ஒரு ஆள் நடக்க இடம் கிடையாது. கம்பெனி கேட்டருகே நின்று மலையைப் பார்த்தால், படி எது, ஆள் எது என்று தெரியாமல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை மஞ்சளாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடிகிறது.

ஆபரேட்டரம்மா வேலைக்கு வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் கிருத்திகை தெரியாது, போன் வரும் என்பதால் அவருக்கு லீவு இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து அவருடைய அக்கா வீட்டுக்காரர் பைபாஸ் வரை பைக்கில் வந்து, அங்கிருந்து கைபிடித்து நடத்திக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்றும் மறுநாள் காலையும் மெயில்கள் நகர்ந்தன. பதினைந்து வருஷத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டியும் போய்ச் சேர்ந்தது. இனிமேல் இந்தக் கம்பெனிக்கு வருகிற மெயிலைப் புதிய இடத்தில் கொடுங்கள் என்று இன்டர்நெட்டுக்குச் சொல்லும் பதிவையும் மாற்றிவிட்டேன்.

ஒரு வேலை பாக்கி. கம்பெனியில் தனி ஆட்களின் விலாசம் போகப் பொது விலாசங்கள் அறுபதுக்கு மேல் இருந்தன. ‘ஷிப்பிங்’ என்று ஒரு விலாசம். அதற்கு ஒரு மெயில் வந்தால் அது இன்னின்ன பேருக்குப் பிரிந்து போக வேண்டும். ‘சாயப்பட்டறை’ என்று ஒன்று. வேலையை விட்டுப்போனவர் பெயருக்கு இன்னும் வருகிற மெயில்கள் இப்போது இருப்பவருக்குப் போக வேண்டும். இந்தப் பட்டியல் பழைய சர்வருக்குள் மட்டுமே இருந்தது. சின்ன வேலைதானே, சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது சர்வர் நின்றிருந்தது. இரண்டு நாள் ஓய்வில்லாமல் படித்ததில் அந்த இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டது.

பட்டியலை முதலில் எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் வேண்டுதலுக்காக மலைமேல் இருந்தார். பின்னால் அரோகரா சத்தம்.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் தொறக்கும் சார். கன்டெய்னர் கிளம்புற நாள். ஷிப்பிங்குக்கு வர்ற மெயில் போய்ச் சேரலன்னா நான் இன்னா பண்றது?” என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

போனை வைத்தேன். கதவு திறந்தே இருந்திருக்கிறது.

“எந்த லிஸ்ட் சார் போச்சு?” என்று வெளியிலிருந்து கேட்டார் ஆபரேட்டரம்மா.

சொன்னேன்.

“அவ்ளோதானா? நாற்காலிய இங்க போட்டு உக்காருங்க. நான் சொல்றேன், எழுதிக்கோங்க. நடுவுல போன் வந்தா மட்டும் நிறுத்திக்கலாம்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியும் இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“ஷிப்பிங். ஆறு பேர். குடோன் சூப்பர்வைசர், லாரி பார்க்கிறவர், அக்கவுன்ட்ஸ்ல ரெண்டு பேர், ஜி.எம்., அப்புறம் துறைமுகத்துல நம்ம ஏஜென்ட். ஏஜென்ட் போன மாசம் விலாசம் மாத்திட்டார். பழசுல அவருக்குப் போய்ச் சேராது. புதுசு சொல்றேன், எழுத்து எழுத்தா எழுதிக்கோங்க.”

எழுதினேன். அடுத்தது சாயப்பட்டறை. அடுத்தது தரப் பரிசோதனை. அதில் யார் யார் முன்பு இருந்தார்கள், யாரை எப்போது எடுத்தார்கள், எடுத்தவரைத் திரும்ப ஏன் சேர்த்தார்கள் என்பது உட்பட.

“முன்னாடி இருந்த பர்ச்சேஸ் மேனேஜர் பேருக்கு வர்றது?” என்று கேட்டேன்.

“இப்ப இருக்கிறவருக்குப் போவும். எம்.டி.க்கு ஒரு காப்பி போவும். எம்.டி.க்குப் போறது இவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிகினு இருக்காதீங்க.”

நடுநடுவே போன் வந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரிடம் நிதானமான ஆங்கிலத்தில் நாளை அழைக்கச் சொன்னார். நகரியிலிருந்து கூப்பிட்ட ஒரு நூல் வியாபாரியிடம் தெலுங்கில் பேசினார். வைத்ததும், விட்ட இடத்திலிருந்து அடுத்த பெயரைச் சொன்னார். ஒரு தரம்கூட ‘எங்கே விட்டோம்’ என்று என்னிடம் கேட்கவில்லை.

இருபது முப்பது ஆனபோது எனக்கு ஒரு சந்தேகம். பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட ஒன்றையே வேறு மாதிரி மாற்றிக் கேட்டேன். குடோன் சூப்பர்வைசர் எந்தெந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று. ஐந்தையும் சொன்னார். நான் எழுதி வைத்திருந்ததோடு ஒத்திருந்தது.

“இது முன்னமே வந்ததுதான் சார். டெஸ்ட் பண்றீங்களா?”

“மன்னிச்சுக்குங்க மேடம்.”

“பரவால்ல. நானா இருந்தாலும் பண்ணுவேன்.”

எப்படி இதெல்லாம் நினைவில் இருக்கிறது என்று கேட்டேன்.

“மெயில் வரலன்னா ஜனங்க யாரைக் கேப்பாங்க? என்னைத்தான். முன்னாடி இந்த சர்வர பார்த்துகினு இருந்தவர் எது மாத்தினாலும் ஒரு போன் போட்டு எனக்கு சொல்லிடுவார். கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும் இல்ல? எழுதி வச்சா தேடணும். தேடற நேரத்துல நாலு லைன் வெயிட் பண்ணும்.”

நாலு மணிக்கு அறுபத்திரண்டு விலாசங்களும் புதிய இடத்தில் ஏறிவிட்டன. இரண்டில் மட்டும் தனக்கு உறுதி இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். ஒரு கம்பெனியின் மெயில் எந்த வழியில் எங்கே போகிறது என்பது முழுவதும், ஒரு இடுக்குகூட விடாமல், ஒரு மனுஷியின் தலைக்குள் இருந்ததை நான் அன்று பார்த்தேன். என் தொழிலில் நான் பார்த்த எந்த இயந்திரமும் என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என் மெயில் வந்துடுச்சா சார், புது எடத்துக்கு?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

“ஃப்ரன்ட் டெஸ்க்... உங்களுதா?”

“ஆங். வேற யாருது?”

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மேனேஜர் வேண்டாம் என்றதையும், நான் அடித்ததையும், இப்போது அது செத்துப்போன சர்வருக்குள் இருப்பதையும். ஒரு போன் வந்தது. லைன் கொடுத்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

“அதுல என் பாடம் கீது சார். எம்.ஏ. வரலாறு, தபால்ல படிக்கிறேன். புஸ்தகம் இருந்து நான் இன்னா பண்றது? தெக்கத்திப் பக்கம் ஒரு ஊர்ல ஒருத்தங்க, யாருன்னே தெரியாது, புஸ்தகத்தைப் பார்த்து டைப் பண்ணிப் பண்ணி எனக்கு அனுப்புவாங்க. பி.ஏ.வும் அப்படித்தான் முடிச்சேன். ஆறு வருஷமா அனுப்பறாங்க. எனக்கு இருக்கிற மெயில் இது ஒண்ணுதான். அடுத்த மாசம் பரீட்சை.”

குரல் உயரவில்லை. “இன்னொரு தரம் டைப் பண்ணுங்கன்னு அவங்களை எப்படி சார் கேக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

நான் உள்ளே போனேன். அந்த டிஸ்க்கைக் கழற்றினேன். சர்வர் நின்றாலும் பெட்டிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்ததால் கை வைக்க முடியாத சூடு. ஏசியை எவ்வளவு குளிராக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்து, கான்டீன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் மேல் திருப்பினேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். ஆறினால் சில டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் உயிரோடு வரும், அதற்குப் பிறகு வராது என்று அனுபவத்தில் தெரியும். கிடைக்கிற நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் எடுக்க முடியும். அந்த அறுபத்திரண்டு விலாசங்களும் அவர் வாயிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டதால் எனக்கு எதை எடுப்பது என்ற குழப்பமே இல்லை.

அவர் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். டிஸ்க்கைச் சொருகினேன். விர்ரென்று சுற்றத் தொடங்கி, டக்கென்று நின்றது. இன்னொரு தரம். மறுபடியும் நின்றது.

“வேகம் எடுக்கல,” என்றார். “இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.”

பத்து நிமிடம் காத்திருந்தோம். மூன்றாம் தரம் சொருகினேன்.

“ஆங். இப்ப சரியா சுத்துது. இப்ப எடுங்க சார்.”

சர்வர் எழுந்தது. மின்சாரம் போனது போலச் சட்டென்று நின்றிருந்ததால், விட்டுப்போன கணக்கையெல்லாம் அது சரிபார்த்துக்கொண்டு மெயில்களைத் திறக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. திறந்ததும் ‘ஃப்ரன்ட் டெஸ்க்’ ஒன்றை மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுக்கச் சொன்னேன். தலைப்புகள் ஓடத் தொடங்கின. நான் அவற்றை உரக்கப் படித்தேன், எதற்கென்று தெரியவில்லை, அவர் கேட்கட்டும் என்று தோன்றியது.

“பாடம் ஏழு. பாடம் எட்டு பாதி, மீதி நாளைக்கு. பாடம் எட்டு மீதி. கண் வலி, இந்த வாரம் ரெண்டு பக்கம்தான். பாடம் ஒன்பது. படத்தில் உள்ளதை வார்த்தையில் எழுதியிருக்கிறேன், புரியலன்னா சொல்லுங்க.”

ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கில். பார்த்திராத ஒருவருக்காக, எங்கோ ஒரு வீட்டில், வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஆறு வருஷம். படிப்பதை நிறுத்திவிட்டேன்.

“அவங்க குரல் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“கேட்டதே இல்ல சார். நம்பர் கேட்டேன். டைப் பண்றதுதான் எனக்கு வசதின்னு எழுதிட்டாங்க. நான் வேலை பார்க்கிறதே போன்ல. அவங்க ஒருத்தங்க குரல்தான் எனக்குத் தெரியாது.”

ஆறு மணிக்குச் சற்று முன்பு முழுவதும் வந்து சேர்ந்தது. இன்னொரு பிரதி எடுத்தேன். அதன் பிறகு வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பதற்குள் டிஸ்க் மறுபடியும் நின்றது. அதற்குப் பிறகு அது ஓடவில்லை.

அவருடைய அக்கா வீட்டுக்காரர் கூட்டத்தில் நீந்தி வந்து கேட்டில் காத்திருந்தார். “பாவா வந்துட்டார். நான் கிளம்பறேன் சார்,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டவர், “நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடுங்க. முதல் நாள் எல்லாரும் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க,” என்றார்.

வந்தேன். அவர் சொன்னபடியே போன் வந்தது. ஆனால் புதிய திரை பழகவில்லை என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஷிப்பிங்குக்கு வந்த மெயில் ஆறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. கன்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பியது. அடுத்த இரண்டு வாரத்தில் மெயில் தவறான இடத்துக்குப் போன விலாசம் ஒன்றே ஒன்று. தனக்கு உறுதியில்லை என்று அவர் சொன்ன இரண்டில் ஒன்று அது.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவரே எழுந்து ரிசப்ஷனுக்கு வந்து, “ஆபரேட்டரம்மா, உங்க பேர்லயே ஒரு மெயில் போடச் சொல்லிட்டேன்மா,” என்றார். புதிய சேவையின் திரையை ஆபரேட்டரம்மாவின் படித்துக் காட்டும் மென்பொருள் சரியாகப் படிக்கவில்லை. பட்டன் பட்டன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரிலேயே தனியாக நிறுவும் வேறொரு மெயில் மென்பொருளைப் போட்டு, மவுஸைத் தொடாமல் விசைகளாலேயே எல்லாம் செய்வது போல அமைத்துக் கொடுத்தேன். அதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. பழக அவருக்கு ஒரு மதியம் ஆனது.

பரீட்சையை அரக்கோணத்தில் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்கு ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். முடிவு வந்த அன்று நான் வேறு வேலையாக அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆபரேட்டரம்மா எடுத்ததும் மேனேஜருக்கு லைன் கேட்டேன்.

“தரேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. பாஸ் பண்ணிட்டேன். எல்லாத்துலயும்.”

“ரொம்ப சந்தோஷம் மேடம். அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா, டைப் பண்ணவங்களுக்கு?”

“காலைலயே எழுதிட்டேன். பதில் வந்துடுச்சு. அடுத்து இன்னா படிக்கப் போறேன்னு கேட்டிருக்காங்க.” அவர் சிரிப்பது கேட்டது. “லைன்லயே இருங்க சார், இன்னொருத்தர் கூப்பிடறார்.”

நான் லைனிலேயே இருந்தேன்.